பதினாலு படி

என் ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. அதனால் உள்ளதை உள்ளபடியே எழுதிவிடுகிறேன். என் கணவரின் தம்பி பெண்டாட்டி அவள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவள் மருமகளாக வந்த நாள் முதல் எனக்கு அவளைக் கண்டால் ஆகாது. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அதுதான் என் எரிச்சலே. நான் குடத்துத் தண்ணீரை வழியெல்லாம் சிந்திக்கொண்டு வருவேன். அவள் ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்து வைப்பாள். மாமியார் என் ஈரப் புடவையை ஒரு பார்வை பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டில்தான் இப்படி என்றால், வேலை செய்யும் இடத்துக்கும் அவள் வந்து சேர்ந்தாள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலம் அது. வில்லியனூர் ரயிலடிக்குப் பின்னால் ஒரு மல்லாட்டைக் கிடங்கு இருந்தது. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். கரியமாணிக்கம், பண்டசோழநல்லூர்ப் பக்கமிருந்து வண்டி வண்டியாய் வந்து இறங்கும். பெண்கள் கையால் உரிப்போம். பருப்பு மூட்டை கட்டி, ரயிலேறி, புதுச்சேரியில் கப்பலேறி, பிரான்சிலுள்ள மர்சேய்க்குப் போகும். அங்கே அதை எண்ணெய் ஆட்டுவார்களாம். நான் கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். கிடங்கில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே பெண் என்ற தலைக்கனம் எனக்கு நிறையவே உண்டு. கையும் வேகம். என்னைவிட வேகமான கை அந்தக் கிடங்கில் இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அதைக் காட்டிக்கொள்ள வழியில்லை. காரணம், எங்கள் உட்காரும் முறை. பத்துப் பத்துப் பேராக நாலு வட்டம் போட்டு உட்காருவோம். நடுவில் மல்லாட்டைக் குவியல், ஆளுக்கொரு கூடை. வேகமாக உரிக்கிறவள் அவ்வப்போது ஒரு கை பருப்பை அள்ளிப் பக்கத்துக் கூடையில் போடுவாள். பிள்ளை பெற்று வந்தவள், காய்ச்சலில் எழுந்து வந்தவள், வயதானவள், எல்லார் கூடைக்கும் அப்படிக் கை விழும். 'கை போடுறது' என்று அதற்குப் பெயர். யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள், யாரும் கணக்கு வைக்க மாட்டார்கள். சாயங்காலம் அளக்கும்போது எல்லாக் கூடையிலும் ஒன்பது படி இருக்கும். எப்போதும் ஒன்பதுதான். யார் முதல், யார் கடைசி என்று ஒருவருக்கும் தெரியாது. நானும் கை போட்டிருக்கிறேன். மனதார என்று சொல்ல மாட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் முதலாளி ஒரு புது ஆளைக் கொண்டுவந்து மேலே உட்காரவைத்தார். புதுச்சேரிக்காரர்தான், ஆனால் சைகோனில் பெரிய அரிசி ஆலையில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். வெள்ளைக் கால்சட்டை, சோலாத் தொப்பி. எல்லாரும் அவரை, பிரெஞ்சுக்காரரைக் கூப்பிடுவதுபோல, முசியே என்று கூப்பிட வேண்டும். அவரிடம் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று பாரிசிலிருந்து வந்த ஒரு புத்தகம். இன்னொன்று, தலையை அமுக்கினால் ஓடி, மறுபடி அமுக்கினால் நின்றுவிடும் ஒரு கடிகாரம். முதல் நாளே எங்களை வரிசையாக நிற்கவைத்துப் பேசினார்.

"ஒருத்தருக்கு ஒரு வேலை. ஒருத்தருக்கு ஒரு மேலாள். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு இடம். யோசிக்கிறது என் வேலை. உரிக்கிறது உங்க வேலை."

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த மனிதர் முட்டாள் இல்லை. அதுவரை எங்களை ஏவ மூன்று பேர் இருந்தார்கள். முதலாளியின் மச்சான் மூட்டையை இங்கே கொண்டுவா என்பார், கிடங்குக் கணக்கர் அங்கே கொண்டுபோ என்பார், எடை போடுகிறவர் எதற்கு எடுத்தாய் என்று திட்டுவார். சைகோன்காரர் வந்த ஒரே வாரத்தில் மூன்று பேர் வாயையும் மூடினார். மூட்டைகளை எங்கள் கை எட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தார். தொப்பியை அள்ள, அதாவது உரித்த தோலை அள்ள, தனியே ஓர் ஆள் போட்டார். எங்கள் பாதி நாள் நடையிலேயே கழிந்திருந்தது என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. பிற்பாடு என் மகன் காலேஜில் படித்தபோது, இந்த ஏற்பாடெல்லாம் அவன் பாடத்தில் வந்தது. பிரான்சில் சுரங்கம் நடத்திய ஒரு எஞ்சினீர் பாதி, அமெரிக்காவில் இரும்பாலையில் வேலை பார்த்த ஒரு எஞ்சினீர் பாதி எழுதியது என்றான். அந்தப் பாடத்தை நான் உட்கார்ந்து கற்றவள்டா என்று அவனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை.

அடுத்து அவர் வட்டத்தைக் கலைத்தார். ஆளுக்கொரு பாய், ஆளுக்கொரு கூடை, வரிசை வரிசையாக, ஒருத்தி முதுகை ஒருத்தி பார்த்து உட்காரவேண்டும். கை போட முடியாதபடி செய்ய வேண்டும் என்பதற்காக அல்ல. கை போடுவதென்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. புத்தகத்தில் வரிசை என்று போட்டிருந்தது, போட்டார். வயதானவர்கள் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு மட்டும் உள்ளூரச் சந்தோஷம். இனி யார் முதல் என்று தெரிந்துவிடும் அல்லவா.

பிறகு கடிகாரத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தி பக்கத்திலும் உட்கார்ந்து கையைப் பார்த்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து, "நாலு அசைவு" என்று எழுதிக்கொண்டார். ஓரகத்தி பக்கத்தில் போய் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எல்லாரையும் கூப்பிட்டார்.

"இந்தம்மா கையைப் பாருங்க. மூணே அசைவு. காயை எடுக்கும்போதே கட்டைவிரல் காயோட மூக்குப் பக்கம் போயிடுது. வீண் அசைவுன்னு ஒண்ணுகூட இல்ல. எல்லாரும் இப்படித்தான் உரிக்கணும்."

நாற்பது பெண்கள் குனிந்து அவள் விரலைப் பார்த்தார்கள். நானும் பார்க்க வேண்டியதாயிற்று. என் காது இரண்டும் சுட்டது. வீட்டில் குடம், இங்கே விரல். நான் எங்கே போய் மூச்சு விடுவது? அவளாவது கொஞ்சம் கர்வப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டு அடுத்த காயை எடுத்தாள்.

மறுநாள் ஒரு மணி நேரப் போட்டி வைப்பதாகச் சொன்னார். ஒரு நாளைக்கு ஒருத்தி எவ்வளவு உரிக்கலாம் என்று அதை வைத்து முடிவு கட்டுவாராம். உரிக்கப் போவது நாங்கள் இரண்டு பேர், நானும் அவளும். ஜெயிக்கிறவள் வரிசைக்கு மேலாள். உட்கார முக்காலி உண்டு, உரிக்க வேண்டியதில்லை, மற்றவர்கள் உரித்ததைப் பார்த்து எழுத வேண்டும்.

அன்று சாயங்காலமே இரண்டு மூட்டையை எடுத்து எங்கள் பாய்மேல் வைத்துவிட்டார்கள். காலையில் முதலில் வந்து கிடங்கைப் பெருக்குகிறவள் நான். விளக்குமாற்றை எடுத்தவள், தண்ணீர்ப் பானையைப் பார்த்தேன். என் மூட்டையைப் பார்த்தேன். உரிக்கிற ஒவ்வொருத்திக்கும் தெரிந்த விஷயம் இது: தண்ணீர் தெளித்து ஈரச் சாக்குப் போட்டு மூடிவைத்தால் இரண்டு மணி நேரத்தில் தொப்பி துணிபோல ஆகிவிடும், விரல் வைத்தால் பிளந்துகொள்ளும். செய்யக்கூடாது என்பதும் ஒவ்வொருத்திக்கும் தெரியும். ஈரம் பட்ட பருப்பு பூசணம் பிடித்து, கப்பல் கரை சேருவதற்குள் கசந்துபோகும். அரிசி ஆலையிலிருந்து வந்த முசியேவுக்கு அது தெரியாது. அவர் புத்தகத்தில் மல்லாட்டையே இல்லை.

நான் தெளித்தேன். ஈரச் சாக்கைப் போட்டு மூடினேன், போட்டிக்கு முன்னால் அதை எடுத்து ஒளித்துவைத்தேன்.

ஒரு மணி நேரத்தில் அவள் ஒன்றரைப் படி. நான் இரண்டு படி. கிடங்கே வாயைப் பிளந்தது. முக்காலி எனக்கு. முசியே உள்ளே போய்க் கணக்குப் போட்டார். ஓய்வுக்கு இவ்வளவு, களைப்புக்கு இவ்வளவு, தண்ணீர் குடிக்க இவ்வளவு என்று கழித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"ஒரு நாளைக்குப் பதினாலு படி. பழக ரெண்டு வாரம் தரேன். அதுக்கப்புறம் மூணு நாள் தொடர்ந்து கொறைஞ்சா பேரை எடுத்துடுவேன்."

ஒன்பது படியிலிருந்து பதினாலு. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி சத்தமாகவே கேட்டாள்: "இன்னாடி பண்ணி வச்ச?" நான் முக்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அதே வாரம், ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு இடம் என்று சொல்லித் தண்ணீர்ப் பானையைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார் முசியே. இனி எவளும் என்னைப்போலச் செய்ய முடியாது. அந்தப் பதினாலு படியை என்னாலேயே தினம் தினம் எட்ட முடியாது. நல்லவேளை, நான் உரிக்க வேண்டியதில்லை.

இரண்டு வாரத்தில் நாற்பது கட்டைவிரலும் புண். துணி சுற்றிக்கொண்டு உரித்தார்கள். இளசுகள் எப்படியோ பதினாலைத் தொட்டார்கள். மூன்றாவது வாரம் முசியே பெயர் எடுக்கத் தொடங்கினார். என்னிடமிருந்து ஒரு சீட்டுப் போகும், அவர் பெயரை அடிப்பார், அவ்வளவுதான். அந்த வாரம் திங்கட்கிழமை என் ஓரகத்தி கூடையில் பதின்மூன்று படி இருந்தது. செவ்வாய்க்கிழமை பன்னிரண்டரை.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் எங்கே, குறைச்சல் எங்கே? அப்புறம் யோசித்தேன். இன்னும் ஒரே நாள். கொழுந்தனார் சைகோனுக்குப் பிழைக்கப் போய் ஒரு வருஷமாகக் கடிதம் இல்லை. மாமியார் முகத்துக்கு நேராகவே அவளிடம் சொல்லியிருந்தார்: "வேலை இருக்கிற வரைக்கும் இரு. வேலை போச்சுன்னா ஒங்க அம்மா வூட்டுக்குப் போயிடு. சும்மா வச்சி சோறு போட எங்களால ஆவாது." அவள் அம்மா வீடு பாகூர்ப் பக்கம். அங்கே அண்ணன் பெண்டாட்டி ஆட்சி. அவளுக்கு அங்கே இடமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் ஒரு பொய் சொல்ல வேண்டாம், ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல வேண்டாம். உள்ளதைச் சீட்டில் எழுதினால் போதும். குடம், விரல், மாமியாரின் பார்வை, எல்லாம் ஒரே நாளில் வீட்டை விட்டுப் போய்விடும். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

புதன்கிழமை மத்தியானம் முக்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு முன் பாயில் ஒரு வயதான அம்மா, பல் போன கிழவி, உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தாள். என் ஓரகத்தி தொப்பியைத் தள்ளுவதுபோல முன்னால் சாய்ந்தாள். அவள் கை கிழவியின் கூடைக்குள் போய்விட்டுத் திரும்பியது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை. அவள் கை போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக அவள் கூடை ஏன் குறைந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இறங்கி அவளிடம் போனேன்.

"ஒனக்கு இன்னா பைத்தியமா? இன்னைக்கு மூணாவது நாளு."

"தெரியும்க்கா. அந்தக் கெழவிக்கும் மூணாவது நாளுதான்."

"ஒன் கூடையை மட்டும் பார்த்தா நீ பதினாலு போட்டுடுவ."

"நான் போட்டுடுவேன். மத்தவங்க? காஞ்ச மல்லாட்டையில பதினாலு படி வருமான்னு நீதான்கா சொல்லணும்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த காயை எடுத்தாள். அவளுக்குத் தெரியும். போட்டி அன்று என் பாய்க்குப் பக்கத்துப் பாய் அவளுடையது. ஈரத் தொப்பியின் நிறம் தெரியாதவளா? மூன்று வாரமாகத் தெரிந்திருக்கிறது. மாமியாரிடம் சொல்லவில்லை, முசியேவிடம் சொல்லவில்லை, ஒருத்தியிடமும் சொல்லவில்லை. அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மயிரைப் பிடித்து இழுத்திருந்தால்கூட எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும்.

அவள்மேல் இரக்கப்பட்டு முசியேவின் அறைக்குப் போனேன் என்று எழுத ஆசைதான். அது பொய். அவள் அன்று சாயங்காலம் துணி மூட்டையோடு பாகூருக்குப் போயிருந்தால், என் தப்பையும் சேர்த்துச் சுமந்துகொண்டு, நல்லவளாகப் போயிருப்பாள். காலம் முழுக்க நான் அதை நினைத்துக்கொண்டு அந்த அடுப்பங்கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவளை அத்தனை நல்லவளாக அனுப்பிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

"முசியே, அந்தப் பதினாலு தப்பு" என்றேன்.

அவர் கடிகாரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது தப்பாது."

"அது சரிதான். மல்லாட்டைதான் தப்பு. நான் தண்ணி தெளிச்சேன்."

என்ன ஏது என்று விளக்கமாகச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போயிற்று. என்னைத் திட்டவில்லை. ஈரமா காய்ந்ததா என்று கேட்காமல் அளந்துவிட்டோமே என்ற அவமானம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது. சோலாத் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இப்பவே மறுபடி அளக்கணும். நீயும் ஒன் ஓரகத்தியும்."

"வேற யாரையாவது வச்சிக்கிங்க முசியே. அவகூட மட்டும் வேணாம்."

"கிடங்குல ஒசந்த கை ரெண்டுதான். ஜெயிக்கிறவளுக்கு முக்காலி. முன்ன சொன்னதுதான்."

புது மூட்டையை அவரே தொட்டுப் பார்த்து, ஒரு காயைக் காதருகில் குலுக்கிப் பார்த்து எடுத்துவந்தார். எல்லாரும் கையை நிறுத்திவிட்டு எங்களைச் சுற்றி நின்றார்கள். உட்காரும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நான் என் முழுக் கையையும் காட்டினால் கணக்கு மேலே ஏறும், கிழவி பெயர் போகும், அவள் பெயரும் போகும். கணக்கு இறங்க வேண்டுமென்றால் நான் மெதுவாக உரிக்க வேண்டும். நாற்பது பேர் பார்க்க, அவளிடம் நான் தோற்க வேண்டும். வாயைத் திறந்து தப்பை ஒப்புக்கொண்டதுகூடப் பெரிதில்லை. இதுதான் கசந்தது.

கடிகாரம் ஓடத் தொடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு காயாக எடுத்து உரித்தேன். ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தேன். பார்த்தால், அவள் என்னைவிட மெதுவாக உரித்துக்கொண்டிருக்கிறாள். மூன்று அசைவு ஐந்து அசைவாகியிருக்கிறது. காயை எடுக்கிறாள், திருப்புகிறாள், ஊதுகிறாள். அட பாவி, தோற்பதிலும் என்னை முந்தப் பார்க்கிறாளா? எனக்கு எங்கிருந்தோ ஒரு வெறி வந்தது. நான் இன்னும் மெதுவானேன். விரலைச் சொடுக்கிக்கொண்டேன். புடவையைச் சரிசெய்துகொண்டேன். இல்லாத தூசியைக் கண்ணிலிருந்து எடுத்தேன். நேரம் முடிந்து அளந்தபோது அவளுக்கு ஒன்றேகால் படிக்குமேல் ஒரு பிடி. எனக்கு ஒரு படிகூட நிறையவில்லை.

முசியே எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வாசலில் நிற்கும் காவல்காரரைக் கூப்பிட்டார்.

"இதுங்க ரெண்டும் பேசி வச்சிக்கிட்டு செய்யுதுங்களா?"

"இவுங்களா முசியே? ஒரே வூட்ல இருந்துக்கினு, ரெண்டு பேரும் சேந்து ஒரு சோத்துச் சட்டி தூக்கி நான் பாத்ததில்ல. ஊருக்கே தெரியும்."

கூட்டத்தில் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அதற்குமேல் அவருக்குச் சாட்சி தேவைப்படவில்லை. உள்ளே போய்க் கணக்குப் போட்டுவிட்டு வந்தார். கணக்குப்படி ஒரு நாள் வேலை ஒன்பது படி என்றார். பழைய ஒன்பதேதான். யாரும் சிரிக்கவில்லை, எப்படி அடக்கினார்கள் என்று தெரியவில்லை. பதினாலை வைத்து எழுதிய சீட்டெல்லாம் செல்லாது என்றார். கிழவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முக்காலி என் ஓரகத்திக்குப் போயிற்று. நான் பாய்க்குத் திரும்பினேன்.

சாயங்காலம் இரண்டு பேரும் ஒன்றாக வீட்டுக்கு நடந்தோம். ஒன்றாக என்றால், அவள் முன்னால், நான் பத்தடி பின்னால். ரயில் பாதையைத் தாண்டும்போது என்னால் அடக்க முடியவில்லை. எட்டிப் போய் அவள் பக்கத்தில் நடந்தேன்.

"நெசத்தைச் சொல்லு. இன்னைக்கு நீ வேணும்னேதான மெதுவா உரிச்ச?"

"ஆமாம்."

"எவ்ளோ மெதுவா?"

"பாதிக் கைதான் போட்டேன்."

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. "நானும்தான். நானும் பாதிக் கைதான். இல்லன்னா நீ ஜெயிச்சிருக்க முடியாது, தெரிஞ்சிக்க."

அவள் பத்துப் பன்னிரண்டு அடி நடந்தாள்.

"யக்கா, கோவிச்சிக்காத. நீ தண்ணி தெளிச்ச அன்னைக்கும் நான் பாதிக் கைதான். முழுசா உரிச்சா கணக்கு ஏறிடும், மத்தவங்களால ஆவாதேன்னு பயந்துக்கினு உரிச்சேன்."

நான் நின்றுவிட்டேன். பாதிக் கைக்கு ஒன்றரைப் படி. அதை ஜெயிக்கத்தான் நான் தண்ணீர் தெளித்திருக்கிறேன்.

"பொய்" என்றேன்.

"சரி, பொய்னே வச்சிக்க" என்று சொல்லிவிட்டு, விளக்கு வைக்க நேரமாயிற்று என்று வேகமாக நடந்தாள்.

அவள் கண்ணை மூடிப் பல வருஷமாகிறது. அதைப் பொய் என்று வைத்துக்கொள்ள நானும் எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டேன், இன்னும் முடியவில்லை.